பென்சிலில் எழுதிய பேர்

என் மகள் வீட்டில் டீத்தூள் இல்லை. எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது அங்கேதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கி என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நண்டுக் கூடை சுமந்து தலைமுடி உதிர்ந்தவன், இன்றைக்கு நாலு ஃபைபர் படகுக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் சொந்தக்காரன். குப்பத்தில் முதன்முதலாக மாடி வீடு கட்டியதும் நான்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. விருந்தாளியாக விமானம் ஏறிப் போனவன் நான் ஒருவன்தான். இதெல்லாம் எதனால் வந்தது? எவனையும் லேசில் நம்பாததால் வந்தது. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்வைக்குப் பெரிதாக இருக்கும். உள்ளே வெறும் தண்ணீர்தான். அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும். மனிதர்களையும் அப்படித்தான் அழுத்திப் பார்ப்பேன். அந்தக் கட்டைவிரலுக்குப் பிடிபடாத ஒரு ஆளை மலேசியாவில் பார்த்தேன். சில வருஷம் ஆகிறது. இன்னும் விட்டபாடில்லை.

மகளும் மாப்பிள்ளையும் கிள்ளான் பக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். இரண்டு மாசம் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். என் சம்சாரம் விமானத்துக்குப் பயந்து வரவில்லை. "மேல போய்க்கினு இருக்கசொல்ல நின்னுட்டா எங்க எறங்கறது?" என்று சொல்லிவிட்டாள். போய் இறங்கிய மறுநாள் காலையில் மகள் ஒரு டம்ளரில் சாக்லேட் பால் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாம்மா இது? டீ போடு."

"டீத்தூள் இல்ல நைனா. நாங்க டீ, காபி ரெண்டும் விட்டுட்டோம்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. சபையில."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாக இரண்டு பேரும் மார்மன் சபை என்கிற ஒரு வேதக்கார சபையில் சேர்ந்திருக்கிறார்கள். போனில் வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிறவள், இதைச் சொல்லவில்லை.

எனக்குச் சாமியில் வேற்றுமை கிடையாது. எங்கள் அம்மனுக்குக் கூழும் ஊற்றுவேன், பழவேற்காட்டில் மாதா தேர் வந்தால் மெழுகுவத்தியும் கொளுத்துவேன். வேதக்காரர்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவர்களுக்குச் சிலுவை உண்டு, மணி உண்டு, ஃபாதர் உண்டு, காணிக்கைத் தட்டு உண்டு. பூசை முடிந்தால் வெளியே டீக்கடை உண்டு. எனக்குத் தெரியாத வேதம் எது என்று பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நானும் வேட்டியைக் கட்டினேன்.

"நீ வரணும்னு இல்ல நைனா" என்றாள் மகள்.

வராமல் இருப்பேனா? வலையின் கண்ணியைப் பார்த்தால்தான் அது எந்த மீனுக்குப் போட்ட வலை என்று தெரியும்.

கீழே டயர் கடை, மேல் மாடியில் சபை. படி ஏறியதும் வாசலில் ஒருவர் நின்றிருந்தார். என் கட்டைவிரலுக்குப் பிடிபடாத ஆள் என்று சொன்னேனே, அவர்தான் இவர். அறுபது வயசு இருக்கும். வெளுத்த அரைக்கைச் சட்டை, கழுத்தில் டை. சட்டைப் பையில் ஒரு பென்சில், பென்சில் தலையில் ரப்பர். மலேசியாவிலேயே பிறந்த தமிழர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. பசியாறியாச்சா?"

அதோடு நிற்கவில்லை. என் பேரைச் சொன்னார். பேருக்கு முன்னால் என் நைனா பேரையும் சேர்த்துச் சொன்னார். முன்பின் பார்த்திராத ஆள், செத்து ஐம்பது வருஷம் தாண்டிய என் நைனா பேரைக் கடல் தாண்டி ஒரு டயர் கடை மாடியில் சொல்கிறார் என்றால் என்ன நினைப்பீர்கள்? நான் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாஸ்போர்ட் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் சிலுவை இல்லை. ஒரு ஏசு படம் மட்டும் மாட்டியிருந்தது. அங்கி போட்ட ஃபாதர் இல்லை. அன்றைக்குப் பிரசங்கம் செய்தவர் மற்ற நாளில் ஏசி மெக்கானிக்காம். வெள்ளைச் சட்டைப் பையன்கள் தட்டில் ரொட்டித் துண்டும், சின்னச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். பச்சைத் தண்ணீர். சரி, இதற்கு அடுத்ததாகக் காணிக்கைத் தட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. கடைசி வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மீன் ஏலத்தில் பேசாமல் நிற்கிறவன்தான் பெரிய மீனுக்கு நிற்கிறவன். மறுபடியும் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் எல்லாரும் கைகொடுத்துப் பேசிக்கொண்டிருக்க, வாசலில் நின்ற இவர் மட்டும் நாற்காலிகளை மடித்து அடுக்கினார். அப்புறம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அந்தத் தட்டுகளைக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"டீ எதுவும் கெடையாதா சார்?"

"இங்க இல்லண்ணே" என்றார். சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் வீட்டு வாசலில் அவர் கார். "வாங்கண்ணே, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்." கார் நேரே ரோட்டோரத்தில் ஒரு ஒட்டுக்கடை முன்னால் போய் நின்றது. எனக்கு ஒரு இழுத்த டீ சொன்னார். அந்த ஊரில் டீயை ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுப்பார்கள், நுரை நம்ம ஊர் டீயை விட ஜாஸ்தி. அவர் பார்லித் தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

"நீங்க குடிக்கமாட்டீங்க. எனக்கு வாங்கித் தந்தா அது பாவம் இல்லியா?"

"நான் வாக்கு குடுத்திருக்கேன், அதனால குடிக்கல. நீங்க குடுக்கலையேண்ணே."

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நேரம் தப்பாது. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சூடு இறங்க இறங்கச் சந்தேகம் ஏறியது. தூண்டில் போடுகிறவன் மீனுக்குப் பிடித்ததைத்தான் மாட்டுவான், தனக்குப் பிடித்ததை மாட்டமாட்டான். அதுவும் அவர் கேள்விகள். என்னிடம் எத்தனை படகு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானே சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். "உங்க நைனாவுக்கு எத்தனை அண்ணன் தம்பி? சின்ன வயசுல யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்பார். செத்தவர்களைப் பற்றியே கேட்பார். பதில் சொன்னால் பென்சில் வெளியே வரும்.

"இன்னா சார், பேனா வாங்க வக்கில்லியா?"

"செத்தவங்க பேர அடிச்சு எழுதக்கூடாதுண்ணே. அழிச்சு எழுதலாம்."

இப்படிப் பதில் சொல்கிற ஆளை எந்தப் பக்கம் அழுத்திப் பார்ப்பது?

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சோறு தண்ணி இல்லாமல் வருவார்கள், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம். நான் விடுவேனா? ஏறினேன். பத்து நிமிஷம் பேசினேன். நண்டுக் கூடையில் ஆரம்பித்து, முதல் படகு, நாலாவது படகு, ஐஸ் கம்பெனி, மாடி, மேல்மாடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். சீனர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்தான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். மூன்றே வரியில் முடித்துவிட்டார். சபையில் இரண்டு பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐஸ் கம்பெனிக்கு எதற்கு அழுகிறார்கள்?

கீழே வந்து மகளிடம் கேட்டேன். "நாலு படகைச் சொன்னாரா?"

"இல்ல நைனா."

"ஐஸ் கம்பெனி?"

"அதுவும் இல்ல. உங்க நைனா மொகத்துவாரத்துல அலையில போனாரு, அப்ப உனக்குப் பதினாலு வயசு, அன்னிலேர்ந்து நீ கூடை தூக்குனேன்னு சொன்னாரு. அவ்ளோதான்."

முகத்துவாரத்தை நான் போகிற போக்கில் ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பேன். பத்து நிமிஷப் பேச்சில் அந்த ஆள் செத்தவரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அந்தச் சீட்டில் பேர் வர வேண்டுமானால் அப்பன், தாத்தன் பாடுக்காரனாக இருக்க வேண்டும். பஞ்சாயத்தில் எழுந்து நின்று தலைமுறை தலைமுறையாகப் பேர் சொல்ல வேண்டும். அதனால் எங்களுக்கு அப்பன் பேர் என்பது தண்ணீரில் இருக்கிற நிலம் மாதிரி. ஒரு தடவை ஒருவன் நோட்டோடு குப்பத்துக்கு வந்தான். மீனவர் வரலாறு எழுதுகிறேன் என்றான். எங்கள் பெருசுகள் குஷியாகி எல்லாப் பேரையும் ஒப்பித்தார்கள். அடுத்த சீட்டின்போது எங்கிருந்தோ ஒருவன் வந்து, எங்கள் பங்காளி வீட்டுத் தாத்தன் பேரையெல்லாம் தன் தாத்தன் பேராகச் சொல்லி, பாடு கேட்டு நின்றான். அவனைக் கிளப்ப மூன்று நாள் பஞ்சாயத்து ஆயிற்று. நோட்டைப் பார்த்தால் அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

இந்த ஆளுக்குச் சபையில் கொடுத்திருந்த வேலையே அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஞாயிறு ஆராதனைக்கு அடுத்த மணி நேரத்தில், பின் அறையில் மேஜை போட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்ச வரிசை எழுதிக் கொடுப்பது. ஒருநாள் மகள் என்னை அங்கே உட்கார வைத்தாள். வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு சீனக் கிழவி தன் வம்சத்தில் ஆறு தலைமுறை ஆண்பிள்ளைகளின் பேரைச் சொன்னாள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆறு இன்னா பெரிய ஆறு? எழுதிக்கோ சார்" என்று எழுந்து நின்று ஏழு தலைமுறையை மளமளவென்று ஒப்பித்தேன். பஞ்சாயத்தில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறியது. பென்சில் ஓட முடியாமல் ஓடியது. கிழவியே கைதட்டினாள்.

இவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தாத்தாவுக்கு மேல ஒண்ணும் இல்லண்ணே" என்றார். "ரப்பர் தோட்டத்துல பால் வெட்ட கப்பல்ல வந்தவரு. ஒத்தைப் பேருதான். எந்த ஊருன்னும் தெரியாது. நீங்க ஏழு வச்சிருக்கீங்க."

அப்போதுதான் சுருக்கென்றது. தன்னிடம் இல்லாததைத்தானே எவனும் திருடுவான்? ஏழையும் இப்படிக் கொட்டிவிட்டோமே என்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவர் அடுத்ததைக் கேட்டார்.

"அம்மா பேருண்ணே?"

பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரைச் சொன்னேன்.

"அது உங்களை வளர்த்த சித்தி பேருன்னு உங்க மக சொன்னாங்க. பெத்த அம்மா பேரு?"

இதை இன்றைக்கு எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எனக்குத் தெரியாது. எனக்கு மூன்று வயசிருக்கும்போது அவள் போய்விட்டாள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பொண்ணை எவனும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், ஊர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குப்பத்துக்கு அவள் சுண்ணாம்புக்குளத்தாள். நைனாவுக்கு "ஏ, இந்தா." பாடு சீட்டில் பொம்பளைகள் பேர் வராது, பஞ்சாயத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. படகுகள் வாங்கிய அத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அறையில் எட்டுப் பேர் என்னையே பார்த்தார்கள். ஏழு தலைமுறை சொன்னவனுக்கு அம்மா பேர் தெரியாதா?

"தனலட்சுமி" என்றேன்.

அது என் முதல் படகின் பேர்.

அவர் எழுதினார். மகளுக்கு அந்தப் படகு தெரியாது, அவள் பிறப்பதற்கு முன்னாலேயே விற்றுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா பேரு தனலட்சுமியா? சொல்லவே இல்லியே நைனா" என்றாள். கண் நிறைந்திருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபின் இன்னொன்று சொன்னாள். அவர்களுக்கு வேறொரு நாட்டில் பெரிய கோயில் இருக்கிறதாம். செத்துப்போன தாய் பாட்டிமாருக்காக, உயிரோடிருக்கிற பேத்தி தண்ணீரில் முங்கி எழலாமாம். செத்தவர்கள் விரும்பினால் மேலே அதை ஏற்றுக்கொள்வார்களாம், இல்லை என்றால் இல்லையாம். அடுத்த வருஷம் போகும்போது ஆயாவுக்காக இவள் முங்குவாளாம்.

நான் சோற்றில் கை வைத்தபடியே இருந்துவிட்டேன். என் மகள் என் படகுக்காகத் தண்ணீரில் இறங்கப் போகிறாள். அதோடு முடியவில்லை. ஏழு தலைமுறை ஆம்பளைகளும் தாளில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் நைனா.

மறுநாள் ஐந்து மணி வரை காத்திருக்க முடியவில்லை. காலையில் மீன் பசாருக்குப் போவார் என்று தெரியும், மகளிடம் வழி கேட்டுக்கொண்டு அங்கேயே போனேன். நண்டுக் கடை முன்னால் நின்றிருந்தார். ஒரு பெரிய நண்டை எடுத்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெய்யி சார் அதை. உள்ள தண்ணி."

"பெருசா இருக்கேண்ணே?"

"பெருசாத்தான் இருக்கும். புதுச் சட்டை போட்டவன் அவன்." அவர் விரலைப் பிடித்து அடிவயிற்றில் வைத்து அழுத்திக் காட்டினேன். உள்ளே அமுங்கியது. அப்புறம் இறுகின நண்டாக நாலு நானே பொறுக்கிக் கொடுத்தேன். பொறுக்கிக்கொண்டே கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்.

"எங்க நைனா தண்ணியில போனவரு. பொணம் கூட கெடைக்கல. அவரைத் திரும்ப நீங்க தண்ணியில முக்கப் போறீங்களா? எவனைக் கேட்டு?"

கடைக்காரச் சீனன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். இவர் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். என் வம்சம் எழுதிய அதே தாள்.

"உங்களைக் கேட்டுத்தாண்ணே. இதை நான் யாருக்கும் குடுக்கல. உங்க மககிட்டயும் குடுக்கல."

"இன்னாத்துக்குக் குடுக்கல?"

"ஏழு பேரு சொல்றப்ப என் கண்ணைப் பார்த்துச் சொன்னீங்க. அம்மா பேரு சொல்றப்ப செவத்தைப் பார்த்தீங்க."

நான் ஊரையே சந்தேகப்படுகிறவன். என்னை ஒருவன் நேற்றிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டு, அதை வெளியே காட்டாமல் தாளைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறான். என் காது சுட்டது. ஒரு நண்டு விரலைப் பிடித்துக் கடித்தது கூட அப்புறம்தான் தெரிந்தது.

"தப்புன்னு தெரிஞ்சா அங்கியே கேக்கறது?"

"எட்டுப் பேரு முன்னாலயா?" தாளை என் கையில் வைத்தார். பென்சிலையும் எடுத்து அதன் மேல் வைக்கப் பார்த்தார். "இதையும் வச்சிக்கங்கண்ணே. கெடைச்சா அழிச்சிட்டு எழுதுங்க. கெடைக்கலேன்னா அப்படியே இருக்கட்டும்."

பென்சிலை நான் வாங்கவில்லை. தாளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலமும் கார் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார், நண்டு நன்றாக இருந்தது என்று.

ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் அந்தத் தாளைப் பீரோவுக்குள் வைத்திருந்தேன். ஒருநாள் மகள் போன் செய்தாள். "நைனா, அடுத்த மாசம் கோயிலுக்குப் போறோம். வம்சம் எழுதற பிரதர்கிட்ட ஆயா பேரை எழுதித் தரச் சொன்னா, உங்க நைனா சொல்லட்டும், அதுவரைக்கும் எழுதாதேன்றாரு. நீயே சொல்லிடு நைனா."

போனை வைத்ததும் சம்சாரத்திடம் உண்மையைச் சொன்னேன். அவள் வலையை மடியிலிருந்து கீழே போட்டாள்.

"ஊருக்கெல்லாம் நான் அது வாங்கினேன், இது வாங்கினேன்ற. பெத்தவ பேரு தெர்லியா உனக்கு? சுண்ணாம்புக்கொளம் இன்னா சந்திரமண்டலத்துலயா கீது?"

ஐஸ் ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி போய், எளாவூர் வழியாகச் சுண்ணாம்புக்குளம் போனேன். அங்கே என் தாய்மாமன் மகன் இருக்கிறான், என்னைவிட நாலைந்து வயசு சின்னவன். நாற்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அவன் நைனா, அதாவது என் மாமன், தன் மூத்த மகளை எனக்குக் கொடுக்க வந்தபோது நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு இரண்டாவது படகு வந்திருந்தது. அவர்களிடம் ஒரு வலை கூட உருப்படியாக இல்லை.

அவன் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க ஐஸ் கம்பெனி. வழி தவறிடுச்சா?"

"எங்கம்மா பேரு இன்னாடா?"

கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். சொத்து விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். எங்கள் ரத்தம் அப்படி.

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"தெர்ல. அதுக்குத்தான் கேக்கறேன்."

கூடையைக் கவிழ்த்து வைத்தான். "எங்க அக்கா பேரு ஞாபகம் கீதா? உனக்குக் குடுக்க வந்தமே, அந்த அக்கா. எங்க அத்தை செத்த வருஷம் பொறந்தா. அத்தை பேரைத்தான் எங்க நைனா அவளுக்கு வெச்சாரு. பேரு திரும்ப அந்த வீட்டுக்கே போவட்டும்னுதான் உன்கிட்ட வந்து நின்னாரு."

பேரையும் சொன்னான். அந்தப் பேரை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னேன்.

மாமன் மகன் உள்ளே பார்த்து டீ போடச் சொன்னான். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் மகளே வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே ஆராதனை முடிந்த நேரம். அவள் தோளுக்குப் பின்னால் அவர் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதே வெள்ளைச் சட்டை, பையில் அதே பென்சில்.

"அவரைக் கூப்பிடும்மா."

வந்தார். "பசியாறியாச்சாண்ணே?"

"ஆச்சு. தனலட்சுமின்றது என் மொத படகு." மகள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். "சரியான பேரு இப்பத்தான் கெடைச்சுது."

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது.

"இரு தம்பி. எழுதாத. முங்கறதா வேணாமா, அதெல்லாம் அப்பறம் பேசலாம். நான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் காதால கேளுங்க. அவ்ளோதான்."

அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பென்சிலை எடுத்து எனக்குக் காட்டினார். அதை எங்கேயோ தூரமாக வைத்துவிட்டு வந்து, இரண்டு கையையும் விரித்து போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கையில் ஒன்றும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றார்.

சொன்னேன். என் வாயால் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. மகள் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். அப்புறம் அவர் ஒரு தடவை சொன்னார், கையை இறக்காமலே.

அந்தப் பேரை இங்கே நான் எழுதமாட்டேன். நீங்கள் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.